உலகச் செய்திகளை முடிச்சுப் போட்டு வாசிப்பது எப்படி

முதலில் திகதிகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். சிரிக்காதீர்கள், பாதி வேலை இதுதான். 2020 கொரோனா, இலங்கையின் சுற்றுலா வருமானம் படுத்தது. 2021 இரசாயன உரத் தடை. 2022 பெப்ரவரி 24 ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது, எண்ணெய் விலை ஏறியது. ஏப்ரல் 12 இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்றது. தனித்தனியாகப் பார்த்தால் நான்கு செய்தி, சேர்த்துப் பார்த்தால்தான் எரிபொருள் வாங்க டொலர் தீர்ந்து யாழ்ப்பாணத்துக் கரைகளில் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் ஏன் நின்றன என்பது விளங்கும்.

பிறகு, நெருக்கடி நேரத்தில் யார் உதவிக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான மின்திட்டம் 2021 தொடக்கத்தில் சீன நிறுவனத்துக்குப் போனது, இந்தியா முகம் சுளித்தது (தமிழ்நாட்டுக் கரை அவ்வளவு கிட்ட), ஆண்டு முடிவில் சீனா நிறுத்தியது, 2022 மார்ச்சில் அது இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. அதே ஆண்டு இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவியும் கொடுத்தது. பாசமே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் வரைபடத்தையும் பக்கத்தில் விரித்து வையுங்கள்.

தேர்தலையும் கவனியுங்கள், இதைத்தான் ஆட்கள் விட்டுவிடுவார்கள். 2022 ஜூலையில் மக்கள் ஜனாதிபதியைத் துரத்தினார்கள். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலோ காசில்லை என்று தள்ளிப்போய் 2025 மே மாதம்தான் நடந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் கடனுக்கு ஒப்புதல் கிடைத்ததும் அதே 2023 மார்ச்சில்தான். சரி, ஒன்றுக்கு மற்றது காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டு, இடைப்பட்ட காலத்தில் உங்கள் பிரதேச சபையை யார் நடத்தினார்கள் என்று போய்க் கேளுங்கள்.