போக்கிமொன் இரட்டைச் சண்டை பழக

விஜிசி (போக்கிமொன் வீடியோ கேமின் இரட்டைச் சண்டைப் போட்டி) பழக நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவி வாங்கியே ஆகவேண்டும் என்றில்லை. கொழும்பில் அதன் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். ‘போக்கிமொன் ஷோடவுன்’ என்ற சண்டைத் தளம் பிரவுசரிலேயே இலவசமாக ஓடும். வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனிலேயே ஆடலாம்.

அணியில் 6 போக்கிமொன், அதில் ஓர் ஆட்டத்துக்கு 4 பேர், களத்தில் ஒரே நேரத்தில் இரண்டுக்கு இரண்டு. சொந்த அணி கட்டுவதைப் பிறகு பாருங்கள். போட்டியில் வென்ற அணியொன்றை அப்படியே எடுத்து ஆடுங்கள்.

முதலில் கைவர வேண்டியது ‘புரொடெக்ட்’, அந்தச் சுற்றில் தன்மேல் வரும் அடியைத் தடுக்கும் உத்தி. எதிராளி இருவரும் உங்கள் ஒருவரையே குறிவைக்கும் சுற்றில் அவர் புரொடெக்ட் போட்டால், பக்கத்தில் நிற்பவர் நிம்மதியாக அடிக்கலாம். அடுத்த சுற்றிலும் உடனே போட்டால் பலிக்கும் வாய்ப்பு 3இல் 1தான். ‘எர்த்குவேக்’ என்ற தாக்குதலில் கவனம்: பக்கத்தில் நிற்கும் நம்மாளுக்கும் விழும், பறக்கும் வகை என்றால் தப்பும்.