முடி கொட்டுதா? எண்ணெய் வாங்குறதுக்கு முன்னாடி இதை பாருங்க

யாங்கோன்ல நம்ம பொண்ணுங்க யாராவது முடி கொட்டுதுன்னு வாய தெறந்தா போதும், ஆளாளுக்கு ஒரு எண்ணெய் பேரு சொல்லுவாங்க. நெறைய பேருக்கு கோளாறு தலையில இல்ல, ரத்தத்துல இருக்கு. அதனால எதுக்கு அப்புறம் எதுன்னு வரிசையா சொல்றேன்.

மொதல்ல கணக்கு. ஒரு நாளைக்கு 50லேருந்து 100 முடி வரைக்கும் எல்லாருக்கும்தான் விழும், அதுக்கு பயப்பட வேணாம். அதுக்கு மேல விழுதுன்னா ரெண்டு மூணு மாசம் பின்னாடி போயி யோசிங்க, டெங்கு, டைபாய்டு, பிரசவம், சாப்பாட்ட குறைச்ச டயட்டு ஏதாச்சும் இருந்துச்சா? இருந்தா அதோட பலன் இப்பதான் சீப்புல தெரியுது, பெரும்பாலும் ஆறு மாசத்துல தானா அடங்கிடும்.

அப்படி ஒண்ணும் இல்லன்னா அடுத்தது ரத்த டெஸ்ட். இங்கதான் நெறைய பேரு ஹீமோகுளோபின் மட்டும் பாத்துட்டு 12க்கு மேல இருக்கு, நல்லா இருக்கேன்னு வந்துடுறாங்க, ஆனா அது நல்லா இருக்கும்போதே ஒடம்புல சேத்து வச்ச இரும்பு தீந்து போயிருக்கலாம், அத காட்டுறது ஃபெரிட்டின். 15க்கு கீழ இருந்தா சேமிப்பு காலி. காய்ச்சல் நேரத்துல இத எடுக்காதீங்க, பொய்யா ஏத்தி காட்டும். கூடவே தைராய்டு, வைட்டமின் டி, சைவக்காரங்களா இருந்தா பி12. பயோட்டின் (முடிக்குன்னு விக்கிற வைட்டமின்) மாத்திரை போடுறவங்க லேப்ல கட்டாயம் சொல்லிடுங்க, தைராய்டு ரிசல்ட்டையே அது மாத்திடும் (உண்மையில பயோட்டின் குறைபாடு ரொம்ப அபூர்வம், விளம்பரம்தான் ஜாஸ்தி).

டெஸ்ட் எடுக்காம இரும்பு மாத்திரை வாங்கி போடாதீங்க. பர்மாவுல தலசீமியா, ஹீமோகுளோபின் ஈன்னு பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறு ரெண்டும் நெறைய குடும்பத்துல இருக்கு, அவங்களுக்கு இரும்பு குறையாமலே ரத்தம் கம்மியா காட்டும், தேவையில்லாம மாத்திரை போட்டா இரும்பு சேந்து போகும்.

இரும்பு கம்மின்னு தெரிஞ்சாச்சா, இப்ப சாப்பாடு. காலையில நான் ரொட்டியோட சாப்புடுற பேப்யோ, அதான் அவிச்ச பட்டாணி, அதுலயே இரும்பு இருக்கு, ஆனா பக்கத்துலயே லப்பெயே (டீ) கிளாஸ் வந்து ஒக்காந்துடுதே! டீ அந்த இரும்ப ஒடம்புல ஏற விடாது. சாப்ட்டு ஒரு மணி நேரம் கழிச்சு குடிங்க, சாப்பாடு முடிஞ்ச ஒடனே லப்பெத் (ஊற வச்ச தேயிலை) வாயில போடுற பழக்கத்தையும் கொஞ்சம் தள்ளி வைங்க, அதுவும் தேயிலைதானே. வாரத்துல ரெண்டு மூணு நாள் முருங்கைக்கீரை (பஜார்ல தண்டலூன்னு கேளுங்க). பூண்டும் வெங்காயமும் வதக்கி, இடிச்ச காஞ்ச இறால் ஒரு கை, வாசன வந்ததும் உருவுன கீரை, சட்டி மூடாம ரெண்டு பெரட்டு பெரட்டி எறக்கிட்டு அப்பறமா எலுமிச்சம்பழம் புழியுங்க. அடுப்புல இருக்கும்போதே புழிஞ்சா வைட்டமின் சி சூட்டுல கொறஞ்சுடும், இரும்ப ஏத்துறதே அதுதான். கறி சாப்புடுறவங்களுக்கு ஈரல் இன்னும் சுளுவு, கர்ப்பமா இருந்தா மட்டும் வேணாம், வைட்டமின் ஏ ஜாஸ்தி.

தலைக்கு? நம்ம சீயக்காய்தான் இங்க கின்புன். தயோ மரத்து பட்டைய தண்ணியில ஊற வச்சா வழவழன்னு வரும், கின்புன் காய வேக வச்சு அதோட பெசைஞ்சு வடிகட்டி குளிங்க, கண்ணுல பட்டா எரியும். திஞ்சான் (பர்மா புது வருஷ தண்ணி திருவிழா) சமயத்துல பெரியவங்களுக்கு ஊத்தி விடுவோமே அதேதான். முடி சிக்கில்லாம வரும், கொட்டுறத நிறுத்தும்னு மட்டும் நம்பாதீங்க. ஈரத்தலையில இறுக்கி கொண்டை போடாதீங்க.

முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதனால மூணு மாசமாச்சும் பொறுங்க, பிறகு ஃபெரிட்டின் திரும்ப பாருங்க. வகிடு அகலமாகிட்டே போனாலோ, வட்டமா சொட்டை விழுந்தாலோ, மாதவிலக்கு தாறுமாறா வந்தாலோ மூணு மாசம் காத்திருக்காம தோல் டாக்டர்கிட்ட போயிடுங்க.