1 நோ டிரம்ப்புக்கு எதிரே பலமான இரண்டு சூட் கை: எங்கே தவறுகிறோம்?

நீலகிரியில் பிரிட்ஜ் சீட்டாட்ட மேசை நிறைவது மழையைப் பொறுத்துத்தான். ஊட்டியில் ஜூன், ஜூலை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர். வெளியே தலைகாட்ட முடியாத அந்தச் சாயங்காலங்களில், நன்றாக ஆடுகிறவர்கள்கூடத் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு ஒன்று உண்டு. பார்ட்னர் 1 நோ டிரம்ப் (துருப்பில்லாமல் ஆடலாம், சீரான கை, 15–17 பாயின்ட் என்று சொல்லும் ஏலம்) என்று திறக்கிறார். எதிரே இருப்பவர் கையில் 12 பாயின்ட் (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1), ஐந்தைந்து சீட்டாக இரண்டு சூட். 15–17உடன் 12 சேர்ந்தால் கேம் (3 நோ டிரம்ப், 4 ஸ்பேட் போல போனஸ் தரும் அளவு), அவ்வளவுதானே என்று நேராக 3 நோ டிரம்ப் சொல்லிவிடுகிறார்.

ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். ஸ்பேடில் ராஜா, ராணி, 10, 7, 4. ஹார்ட்டில் ஒற்றை 3. டைமண்டில் ஏஸ், ராஜா, 8, 6, 2. கிளப்பில் 8, 5. பார்ட்னரிடம் ஸ்பேடில் ஏஸ், 8, 3. ஹார்ட்டில் ஏஸ், 9, 6, 4. டைமண்டில் ராணி, 7. கிளப்பில் ஏஸ், ராணி, 7, 4 இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 28 பாயின்ட்தான், ஸ்லாமுக்கு (13 டிரிக்கில், அதாவது பிடியில், 12ஆவது எடுப்பதாக ஏலம் சொல்வது) வழக்கமாகச் சொல்லும் 33க்கு எவ்வளவோ குறைவு. ஆனாலும் 6 ஸ்பேட் (ஸ்பேடைத் துருப்பாக வைத்து 12 டிரிக்) அருமையான கான்ட்ராக்ட். எதிராளிகள் இருவரிடமும் துருப்பு 3-2, டைமண்ட் 3-3 என்று பிரிந்தால் 12 டிரிக் அப்படியே வரும், டைமண்ட் 4-2 என்றாலும் ஒன்றைத் துருப்பால் வெட்டி மீதியை டிரிக் ஆக்கப் பார்க்கலாம், கிளப் ஃபினெஸ் (ராஜா சாதகமான பக்கம் இருக்கும் என்று ராணியைப் போட்டுப் பார்ப்பது) வேறு இருக்கிறது.

இப்போது பார்ட்னர் கையை மட்டும் மாற்றுங்கள்: ஸ்பேடில் ஜாக், 8, ஹார்ட்டில் ராஜா, ராணி, ஜாக், 6, டைமண்டில் ராணி, 7, 4, கிளப்பில் ஏஸ், ராணி, 7, 3. இதுவும் 15 பாயின்ட், 1 நோ டிரம்ப் திறக்கத் தகுந்த கைதான். ஆனால் ஹார்ட்டில் உள்ள 6 பாயின்ட் உங்கள் ஒற்றைச் சீட்டுக்கு எதிரே வீண், வெளியே இரண்டு ஏஸ் இருக்கிறது. இங்கே 3 நோ டிரம்ப்தான் சரி.

இந்த இரண்டு கைகளில் எது எதிரே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது, பார்ட்னருக்குத்தான் தெரியும். அதனால் முடிவை அவரிடம் விடுங்கள். 2 ஹார்ட் என்று டிரான்ஸ்ஃபர் (அடுத்த சூட்டான ஸ்பேடை அவரையே சொல்ல வைக்கும் ஏலம்) செய்து, அவர் 2 ஸ்பேட் சொன்னதும் 3 டைமண்ட் கேளுங்கள். இது கேம் வரும்வரை நிறுத்தக் கூடாத ஏலம், பார்ட்னர் பாஸ் செய்யக் கூடாது. பலமில்லாத கையில் இதைச் சொல்லிவிட்டு அப்புறம் அவர்மேல் கோபப்படுவதில் நியாயமே இல்லை.

திறந்தவர் பக்கத்துத் தவறு இன்னும் வருத்தம் தருவது. மூன்று நல்ல ஸ்பேடும் ஏஸ்களும் வைத்துக்கொண்டு 4 ஸ்பேட் என்று தாவிவிடுவார்கள். 3 ஸ்பேட்தான் அங்கே பலமான பதில். துருப்பு முடிவாகிவிட்டது, பேச இடமும் மிச்சம். பார்ட்னரிடம் முதல் கை இருந்தால், அதற்குமேல் நீங்கள் 4 டைமண்ட் என்று கன்ட்ரோல் (அந்தச் சூட்டில் ஏஸ் போன்ற பிடி) சொன்னால், திறந்தவர் 4 நோ டிரம்ப்பில் கீகார்ட் (நான்கு ஏஸ், துருப்பு ராஜா) கேட்பார், துருப்பு ராணியோடு இரண்டு என்று 5 ஸ்பேட் பதில் வரும், அவர் 6 ஸ்பேட் போடுவார். இரண்டாவது கை வைத்திருப்பவர் 3 டைமண்டுக்கு மேல் 3 நோ டிரம்ப் சொல்லி முடித்துவிடுவார்.

டிரான்ஸ்ஃபர் முடிந்த உடனே 4 நோ டிரம்ப் சொல்லி ஏஸ் கேட்டதாக நினைத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலானவர்கள் முறையில் அது ஏஸ் கேட்பதல்ல. 5-3-3-2 போன்ற கையோடு ‘அதிகபட்சம் இருந்தால் ஸ்லாமுக்கு வா’ என்ற அழைப்பு. பார்ட்னர் 15 வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பாஸ் செய்துவிடுவார்.

ஸ்டேமன் (2 கிளப் சொல்லி, நான்கு சீட்டு ஹார்ட்டோ ஸ்பேடோ உண்டா என்று கேட்பது) விஷயத்தில் குழப்பம் வேண்டாம். ஐந்து ஸ்பேட், நான்கு ஹார்ட் என்றால் 2 கிளப்தான் சரி. இரண்டும் இல்லை என்று 2 டைமண்ட் பதில் வந்தால், ஸ்மோலன் என்ற முறையை ஆடுகிறவர்கள் நான்கு சீட்டு உள்ள சூட்டில் 3 என்று தாவுவார்கள், அதனால் பலமான கை ஆடும் கையாகிறது. ஸ்பேடும் டைமண்டும் ஐந்தைந்து இருக்கும்போது ஸ்டேமன் போட்டால் ஒரு சுற்று வீண், டைமண்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஹார்ட்டும் ஸ்பேடும் ஐந்தைந்து வரும்போது வரிசை முக்கியம். பலரும் ஆடும் முறையில் ஹார்ட்டுக்கு டிரான்ஸ்ஃபர் செய்துவிட்டு 2 ஸ்பேட் சொன்னால் அழைப்பு மட்டும். ஸ்பேடுக்கு டிரான்ஸ்ஃபர் செய்துவிட்டு 3 ஹார்ட் சொன்னால் கேம் உறுதி. வேறு மாதிரி ஆடுகிறவர்களும் உண்டு, ஆகவே சீட்டு போடும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி நடுவில் 2 ஹார்ட் என்று புகுந்தால் டிரான்ஸ்ஃபர் உண்டா இல்லையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.