பிளஸ் டூ முடிந்தபின் பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ரிசல்ட் வந்து, டி.சி. வாங்கி, மேட்டுப்பாளையம் பஸ் ஏறிக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் பள்ளிக்கூடம் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்துப் பிள்ளைகளிடம் பேசும்போது எனக்குக் கவலை தருவது, அந்த நினைவுகளிலிருந்து அவர்கள் தங்களுக்கு எழுதிக்கொள்ளும் தீர்ப்புதான்.

அதில் மோசமானது, “எனக்குக் கணக்கு வராது” என்று முடிவு கட்டிவிடுவது. கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்கு வரவில்லையா, அல்லது உங்களுக்கு நடத்தவே இல்லையா? 2026-ல் பிளஸ் டூ முடிக்கும் செட்டை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவர்கள் ஆறாம் வகுப்பு. ஏழாம் வகுப்பு முழுக்க வீட்டிலேயே போனது. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். சமன்பாடுகள் காலூன்ற வேண்டிய வயது அது. டவர் கிடைக்காத எஸ்டேட் லைன் வீட்டில், அப்பாவின் ஒரே போனில், அண்ணன் தம்பியோடு முறை வைத்துப் பார்த்த ஆன்லைன் வகுப்பில் எவ்வளவு ஏறியிருக்கும்?

நம் மலையில் மழையும் சேர்ந்துகொள்ளும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கத்தைப் புரட்டி எடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அது ஓய்ந்தால் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வரும். மண் சரிந்து ரோடு அடைபடும், ஆட்சியர் விடுமுறை விடுவார். விட்ட பாடங்களை டிசம்பரில் அவசர அவசரமாக ஓட்டி முடிப்பார்கள். இதையெல்லாம் கழித்துப் பார்க்காமல் பழி முழுவதையும் உங்கள் மூளை மேல் போடாதீர்கள். எந்த வகுப்பில் எந்தப் பாடம் சறுக்கியது, அந்த வருடம் ஆசிரியர் இருந்தாரா, எத்தனை மணிக்கு பஸ் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நடத்தப்படாமல் போனதை இப்போதும் படித்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கல்லூரி ஹாஸ்டலில் வைத்துப் படிப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

மார்க்கைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. 2019 பிளஸ் டூ தேர்விலிருந்து மொத்த மார்க் 1200-ம் 600 ஆனது. பழைய 1200 கணக்கில் பெரியவர்கள் உங்களை எடைபோட்டால், சரி என்று கேட்டுவிட்டு நகருங்கள். ஒரு பாடத்தில் போனவர்கள் அந்த வருடத்தையே இழந்ததாக நினைக்க வேண்டாம்; ரிசல்ட் வந்த கையோடு துணைத் தேர்வு இருக்கிறது.

அரசுப் பள்ளியில் படித்ததை மறைப்பது இன்னொரு தவறு. கோயம்புத்தூர் கல்லூரியில் எல்லோரும் இங்கிலீஷில் பேசும்போது கூச்சம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பள்ளிதான் உங்கள் உரிமைக்கு ஆதாரம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இடையில் பள்ளி மாறியிருந்தால், படித்ததற்கான சான்றை ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டு வாங்கி வையுங்கள். கல்லூரி தொடங்கியபின் அதற்காக மலையேறி வருவது பெரும் அலைச்சல்.

கண்டித்த ஆசிரியர் எல்லாரும் கெட்டவர் என்றோ, சிரித்துப் பேசியவர் எல்லாரும் நல்லவர் என்றோ இப்போதே எழுதி மூடிவிட வேண்டாம். ஆனால் உங்களை அவமானப்படுத்தியவரை, காலம் கடந்துவிட்டது என்பதற்காக நல்லவராக்கவும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, என் மனசுக்கு மிக நெருக்கமானது. “நம்ம செட்” என்று சொல்லும்போது கடைசி குரூப் போட்டோவில் நின்றவர்களை மட்டும் எண்ணுகிறோம். பத்தாவதோடு நின்று கொழுந்து பறிக்கப் போன தோழியும், கேரட் மண்டியில் மூட்டை தூக்கப் போன நண்பனும் அந்த எண்ணிக்கையில் இல்லை. “அவனுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பலருக்கு அப்பாவின் உடம்பும் வீட்டுக் கடனும்தான் காரணமாக இருந்திருக்கும். அவர்களைப் பழைய நினைவாக மட்டும் வைத்திருக்காதீர்கள். பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வராகவும் அரசுப் பொதுத்தேர்வு எழுதலாம்; அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பம் வாங்குவார்கள். கடைசித் தேதி எப்போது என்று விசாரித்து, போன் பண்ணிச் சொல்லுங்கள். உங்கள் பழைய நோட்டுகளையும் கொடுங்கள்.