பல்கலைக்கழக வில்வித்தை மன்றத்துக்கான பாதுகாப்பு விதிகள்: தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

வில்வித்தை மன்றம் தொடங்க அனுமதி கேட்டு எங்கள் பல்கலைக்கழக உடற்கல்வி இயக்குநரைச் சந்தித்தபோது, வில் எத்தனை வேண்டும், செலவு எவ்வளவு ஆகும் என்று அவர் கேட்கவில்லை. குறி தவறிய அம்பு எங்கே போய் விழும் என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை கொடுத்த பிறகே மைதானம் கிடைத்தது. அப்போது எழுதிய விதிகளை மன்றம் நடத்திய அனுபவத்தில் பல முறை திருத்தியிருக்கிறோம். இப்போது நடைமுறையில் உள்ள வடிவத்தையே இங்கே படிப்படியாகத் தருகிறேன். நிற்கும் முறை, நாணைப் பிடிக்கும் முறை போன்றவற்றைப் பயிற்சியாளர் கற்றுத் தருவார் என்பதால் அவற்றுக்குள் நான் செல்லவில்லை.

இந்த விதிகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. எல்லோரும் ஒரே கோட்டில் நின்று எய்துகொண்டிருக்கும் நேரத்தை விட, சிலர் அம்பு எடுக்க முன்னே போயிருக்கும் நேரமே அதிக ஆபத்தானது. ஆகவே, யார் எப்போது எங்கே இருக்கிறார் என்பதைக் கட்டுப்படுத்துவதுதான் விதிகளின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

படி 1: களத்தைத் தேர்ந்தெடுத்தல்

உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிகள், வட அரைக்கோளத்தில் எய்பவர்கள் ஏறத்தாழ வடக்கு நோக்கி நிற்குமாறு களம் அமைய வேண்டும் என்கின்றன. காலை ஆறரை மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பயிற்சி செய்யும் நம் ஊர் மாணவர்களுக்கு இது மிகவும் பயன்படும். கிழக்கையோ மேற்கையோ நோக்கி நின்றால் வெயில் கண்ணில் விழுந்து, இலக்குக்குப் பின்னால் யாரேனும் நடந்து வருவதுகூடத் தெரியாமல் போகும்.

அடுத்து, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாற்பது பவுண்டு வில்லிலிருந்து (இழுக்க அத்தனை பவுண்டு விசை தேவைப்படும் வில்) மேல்நோக்கித் தவறிப் பறக்கும் அம்பு 200 மீட்டரையும் தாண்டிப் போகக்கூடும். விடுதிக்கும் உணவகத்துக்கும் இடையே மாணவர்கள் உண்டாக்கிய ஒற்றையடிப் பாதை வளாகத்தின் வரைபடத்தில் இருக்காது. ஒரு வாரம் காலையும் மாலையும் மைதானத்தில் நின்று யார் யார் எந்த வழியாகப் போகிறார்கள் என்று கவனித்தால்தான் அது தெரியவரும். பின்புறத் தடுப்புக்கு நான் பரிந்துரைப்பது மண்மேடுதான். வலை கட்டினால் இழுத்துக் கட்டாதீர்கள். தளர்வாகத் தொங்கி, அடிப்பகுதி தரையில் படிந்து கிடக்கும் வலைதான் அம்பின் வேகத்தை உள்வாங்கும். விறைப்பாகக் கட்டிய வலையை அம்பு துளைத்துச் சென்றுவிடும்.

படி 2: கோடுகளை இடுதல்

எய்யும் கோடு ஒன்று, அதற்கு ஐந்து மீட்டர் பின்னால் காத்திருப்புக் கோடு ஒன்று, எய்யும் கோட்டுக்கு முன்னால் மூன்று மீட்டர் தொலைவில் இன்னொரு கோடு என மூன்று கோடுகள் வேண்டும். நாணிலிருந்து நழுவிய அம்பு இந்த மூன்று மீட்டருக்குள் கிடந்தால், போட்டி விதிப்படி அதை எய்யாத அம்பாகக் கருதி, பதிலாக வேறொன்றை எய்யலாம். பயிற்சியிலும் இதே வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். காலடியில் கிடக்கும் அம்பைக் குனிந்து எடுக்கத் தோன்றுவது இயல்பு. அவ்வாறு குனிபவரின் தலை பக்கத்தில் நிற்பவரின் அம்புக்கு நேராகப் போய்விடும் என்பதால், அந்த அம்பு அங்கேயே கிடக்கட்டும்.

போட்டியில் ரிக்கர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) பிரிவினர் 70 மீட்டரிலும் காம்பவுண்ட் (கப்பிகள் பொருத்திய வில்) பிரிவினர் 50 மீட்டரிலும் எய்வார்கள். புதியவர்களுக்குப் பத்து மீட்டரே போதும். இவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பயிற்சி செய்யும்போது, இலக்குகளை மட்டுமே முன்பின்னாக நகர்த்த வேண்டும். எய்யும் கோடு எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தொலைவு குறைவு என்று புதியவர்களைப் பத்தடி முன்னே நிற்க வைப்பதை நான் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். பின்னால் நிற்பவர் எய்யும் அம்பு முன்னால் நிற்பவரின் பக்கவாட்டில் கடந்து செல்லும் அந்த ஏற்பாட்டை ஒரு நாளும் அனுமதிக்காதீர்கள்.

சுண்ணாம்புப் பொடிக் கோடு ஒரு மழையில் கரைந்துவிடும், கயிறு காலை இடறும். தரையோடு ஆணியடித்த தட்டையான நாடாவே எங்களுக்கு ஒத்துவந்தது.

படி 3: வில்லையும் அம்பையும் சோதித்தல்

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு அளவு 28 அங்குல இழுப்புக்கு உரியது. கை நீளமானவர் முப்பது அங்குலம் இழுத்தால், அங்குலத்துக்கு ஏறத்தாழ இரண்டு பவுண்டு வீதம் சுமை கூடும். முதலாண்டு மாணவர்களுக்கு 16 முதல் 22 பவுண்டு வரையுள்ள வில்லே போதுமானது. தாங்க முடியாத வில்லைக் கொடுத்தால், இழுப்பதற்காக வில்லை வானத்தை நோக்கித் தூக்குவார்கள். அந்த நிலையில் விரல் நழுவினால் அம்பு தடுப்பைத் தாண்டிவிடும். இந்த வகை இழுப்பைப் போட்டி விதிகளும் தடை செய்கின்றன. வில்லின் பவுண்டு அளவைக் குறைத்தாலே இந்தப் பழக்கம் தானாக மறையும்.

அம்பின் நீளத்தில் கண்டிப்பாக இருங்கள். முழுமையாக இழுத்த நிலையில், அம்பின் முனை வில்லின் அம்புத் தாங்கியைத் தாண்டி இரண்டு அங்குலமாவது வெளியே நிற்க வேண்டும். நண்பரின் குட்டையான அம்பை வாங்கி எய்பவருக்கு, முனை தாங்கியிலிருந்து பின்னே விழுந்து, விட்ட கணத்தில் வில் பிடித்த கையிலேயே பாயும் ஆபத்து உண்டு. எங்கள் மன்றத்தில் அம்பை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் கிடையாது.

புதியவர்களுக்கு அலுமினிய அம்பையே நான் பரிந்துரைப்பேன். அது வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். கார்பன் அம்பில் விழும் விரிசல் எளிதில் தெரியாது; எய்யும்போது உடைந்தால் ஊசி போன்ற சிம்புகள் கையில் ஏறும். கார்பன் அம்பு வைத்திருப்போர் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு அதன் இரு முனைகளையும் பிடித்து, காதருகே வைத்து மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். நொறுங்கும் ஒலி சிறிது கேட்டாலும் அந்த அம்பை இரண்டாக ஒடித்து எறிந்துவிடுங்கள். ஒடிக்காமல் எறிந்தால் வேறொருவர் நல்ல அம்பு என்று எடுத்துவைத்துக்கொள்வார்.

நாண் பூட்டுவதற்கு ஸ்ட்ரிங்கர் எனப்படும் கயிற்றைத் தவிர வேறு வழியை ஏற்காதீர்கள். காலிடுக்கில் வில்லை வளைத்துப் பூட்டும் முறையில் வில்லின் கரம் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) முறுக்கிக்கொள்ளும்; சில நேரம் கை நழுவி முகத்திலும் அடிக்கும். நாணில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். அம்பில்லாத வில்லை இழுத்து விடுவது எந்த நிலையிலும் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லின் கரங்களிலேயே இறங்கி அவற்றைப் பிளந்துவிடும்.

படி 4: உடை

கைக்காப்பு, மார்புக்காப்பு, நாண் இழுக்கும் விரல்களைக் காக்கும் தோல் துண்டு, மூடிய காலணி ஆகியவை வேண்டும் என்பது எல்லா நூல்களிலும் இருக்கும். பல்கலைக்கழகத்துக்கே உரிய ஒன்றை நான் சேர்க்கிறேன். வகுப்பிலிருந்து நேராக மைதானத்துக்கு வரும் மாணவர்களின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நாடா நாணில் சிக்கும். காத்திருப்புக் கோட்டருகே ஒரு பெட்டி வைத்து, அட்டை, கைக்கடிகாரம், சட்டைப் பையிலுள்ள பேனா, வளையல், தொங்கும் காதணி அனைத்தையும் அதில் போடச் சொல்லுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வைக்க வேண்டும் அல்லது இடுப்பில் இறுகக் கட்ட வேண்டும். நீளமான கூந்தலைப் பின்னிக் கொண்டையிட வேண்டும்.

படி 5: விசில்

போட்டிகளில் வழங்கும் குறிகளையே பயன்படுத்துங்கள். மன்றத்துக்கென்று புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். இரண்டு முறை ஊதினால் எய்யும் கோட்டுக்கு வரலாம். ஒரு முறை ஊதினால் எய்யத் தொடங்கலாம். மூன்று முறை ஊதினால் எய்வதை முடித்து, அம்பெடுக்கப் போகலாம். ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து ஊதினால் அது அவசர நிறுத்தம்.

அவசர நிறுத்தத்தின்போது முழுமையாக இழுத்த நிலையில் இருப்பவர் அந்த அம்பை விட்டுவிடக் கூடாது. வில்லை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு, நாணை மெல்ல முன்னே கொண்டுவந்து தளர்த்தி, அம்பைக் கழற்றிவிட்டுக் காத்திருப்புக் கோட்டுக்குப் பின்னே செல்ல வேண்டும். எய்யக் கற்பதற்கு முன்பே இந்தத் தளர்த்தலைக் கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் அனைவரையும் ஒரு முறை இழுத்துத் தளர்த்தச் செய்வது எங்கள் வழக்கம். இழுத்தால் விட்டே ஆக வேண்டும் என்ற எண்ணம் புதியவர்களிடம் அதனால்தான் மறைகிறது.

உள்ளே உருண்டை இல்லாத விசிலை வாங்குங்கள். உருண்டை உள்ள விசில், ஈரம் பட்டால் அடைத்துக்கொள்ளும். விசில் அன்றைய களத் தலைவர் ஒருவரிடம் மட்டுமே இருக்கும், அவர் அன்று எய்யக் கூடாது. ஆனால் ஆபத்தைக் கண்ட எவரும், முதல் நாள் வந்த மாணவரே ஆனாலும், "நிறுத்து" என்று உரக்கக் கத்தலாம்.

படி 6: அம்பு எடுத்தல்

எங்களுக்கு நீண்ட காலம் தீராத சிக்கலாக இருந்தது இந்தப் படிதான்.

மூன்று விசில் கேட்டதும் வில்லைத் தாங்கியில் வைத்துவிட்டு நடக்க வேண்டும், ஓடக் கூடாது. இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதைச் சுற்றித் தைத்த அம்புகளின் பின்முனைகள் ஓடி வருபவரின் நெஞ்சையோ குனிபவரின் கண்ணையோ குத்தும் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இலக்குக்கு எட்டாமல் புல்லில் சாய்ந்து நிற்கும் அம்பும் தன் பின்முனையை நடந்து வருபவரை நோக்கியே காட்டும் என்பதால், பார்வை தரையில் இருக்கட்டும். இலக்குக்கு இரண்டு மீட்டர் முன்பே அனைவரும் நின்றுவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடுங்க வேண்டும். பிடுங்குபவர் முதலில் திரும்பிப் பார்த்து, தமக்கு நேர் பின்னே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்கிறார். இடது உள்ளங்கையை அம்பின் அருகே, இலக்குத்தாளைத் தாங்கும் பலகையில் ஊன்றி, வலது கையால் அம்பைப் பலகையை ஒட்டிப் பிடித்து, அது நுழைந்த கோட்டிலேயே நேராக இழுக்கிறார். ஆட்டி ஆட்டி இழுத்தால் அம்பு வளையும். இறுகிய அம்புக்கு ரப்பர் பிடிப்பான் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான சிக்கல் இலக்கைத் தாண்டிப் போன அம்புகளால் வந்தது. பெரும்பாலோர் தங்கள் அம்புகளுடன் திரும்பிவிடுவார்கள். ஒருவர் மட்டும் பலகைக்குப் பின்னால் புல்லில் அமர்ந்து தேடிக்கொண்டிருப்பார். எய்யும் கோட்டிலிருந்து பார்த்தால் பலகை அவரை முழுமையாக மறைத்துவிடும். களம் காலியாக இருப்பதாகவே தோன்றும். பெயர் சொல்லி அழைத்துப் பார்ப்பது, கையைத் தூக்கச் சொல்வது போன்றவை காற்றிலும் பேச்சுச் சத்தத்திலும் பயன்படவில்லை. இப்போது மூன்று விதிகளைச் சேர்த்தே பின்பற்றுகிறோம். பலகைக்குப் பின்னே எவரும் தனியாகப் போகக் கூடாது. ஒருவர் தேடினால் மற்றொருவர் பலகைக்கு முன்னால் எல்லோருக்கும் தெரியும்படி நிற்க வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு பலகையிலும் கிளிப்பில் தொங்கும் சிவப்புத் துணியை இலக்குத்தாளின் மேல் விரித்துவிட்டே பின்னே செல்ல வேண்டும். வில்லை இலக்கின் மேல் சாய்த்து வைப்பது பழைய வழக்கம். புதியவர்கள் வில்லைக் கோட்டிலேயே விட்டுவருவதால் துணியே மேல். மூன்றாவதாக, களத் தலைவர் முன்னே போகிறவர்களை எண்ணி அனுப்பி, திரும்புகிறவர்களை எண்ணி ஏற்ற பிறகே இரண்டு விசில் ஊத வேண்டும். அதுவரை ஒருவரும் வில்லைத் தொடக் கூடாது. தேடலுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கிடைக்காத அம்பைப் பயிற்சி முடிந்த பிறகு எல்லோரும் சேர்ந்து தேடலாம்.

படி 7: காயம் ஏற்பட்டால்

உடலில் தைத்த அம்பைக் களத்தில் பிடுங்கவே கூடாது. அது அசையாமல் தாங்கிப் பிடித்து, சுற்றிலும் துணி வைத்துக் கட்டி, 108-ஐ அழைக்க வேண்டும். 2020 ஜனவரியில் அசாமின் திப்ருகர் மாவட்டத்தில் பயிற்சியின்போது 12 வயது மாணவி ஒருவருக்குத் தோள்பகுதியில் அம்பு பாய்ந்தது; அவரை விமானத்தில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, அறுவை சிகிச்சையின் மூலமே அதை அகற்றினார்கள். ஆம்புலன்ஸ் வளாகத்தின் எந்த வாயில் வழியாக வர வேண்டும், அந்த வாயில் எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பதையும் விதித்தாளிலேயே எழுதி, காவலரிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.

பின்சேர்க்கை

இந்த விதிகளைப் படித்த வேறு கல்லூரி மாணவர்கள் சிலர் கேட்ட கேள்விகளால் இவற்றைச் சேர்க்கிறேன்.

இடது கையால் நாண் இழுப்பவர் மற்றவர்களுக்கு எதிர்த்திசையில் திரும்பி நிற்பார். இருவர் முதுகோடு முதுகு உரசாமல் இருக்க, அவருக்குக் கோட்டின் ஓரத்தில் கூடுதல் இடம் ஒதுக்குங்கள்.

மழைக்காலத்தில் உள்ளரங்கில் 18 மீட்டரில் பயிற்சி செய்வோர், எய்யும் கோட்டுக்கு முன்னால் உள்ள எல்லாக் கதவுகளையும் உட்புறமாகத் தாழிட வேண்டும். வெளியே அறிவிப்பு ஒட்டினால் மட்டும் போதாது. பூப்பந்து மட்டையுடன் வருபவர் அதைப் படிக்காமலே கதவைத் தள்ளுவார்.

கலைவிழா அரங்குகளில் மன்றத்தின் வில்லைக் காட்சிக்கு வைத்தால், பார்க்க வருபவர்கள் படம் எடுத்துக்கொள்வதற்காக அதை இழுத்து வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். நாண் பூட்டாத வில்லை மட்டும் மேசையில் வையுங்கள். இழுத்துப் பார்க்க விரும்புவோருக்கு உடற்பயிற்சிக்குப் பயன்படும் ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுங்கள்.