நடுக்குவாதமும் கற்றலும்: மூளைப் படத்தை எங்கே தவறாகப் படிக்கிறோம்

முக்கூடலில் என் பெரியம்மா நாற்பது வருடம் பீடி சுற்றியவர். மடியில் சுளகு இருக்கும், வாய் ஊர்க்கதை பேசும், கை தன்பாட்டுக்குச் சுற்றும். பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் வந்த பிறகு, பேச்சை நிறுத்தினால்தான் கை ஓடியது. "ஒவ்வொண்ணையும் யோசிச்சுல்லாய்யா சுத்த வேண்டியிருக்கு" என்பார். பார்க்கின்சன் உள்ளவர்களின் கற்றலை ஆராய்கிறவர்கள் பல வருடங்களாகக் கேட்டுவரும் கேள்வி அந்த ஒரு வரியில் இருக்கிறது. பழக்கத்தால் நடப்பது ஏன் யோசனையால் நடக்க வேண்டியதாகிறது?

இதை மூளைப் படத்தில் தேடும் மாணவர்கள் பாளையங்கோட்டைப் பக்கமும் இப்போது இருக்கிறார்கள். அவர்களின் ஆய்வுத் திட்டங்களைப் படித்துப் பார்க்கும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரிய தவறு ஸ்கேனுக்குள் நடப்பதில்லை. வந்தவர் கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்று எழுதி வைக்காமல் விடுவதுதான் அது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? இந்த நோயில் குறைவது டோபமைன், மூளைச் செல்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். அது எல்லா இடத்திலும் ஒரே அளவில் குறைவதில்லை. மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்றொரு பகுதி இருக்கிறது. அதில் அசைவுக்கும் பழக்கத்துக்கும் உதவும் புட்டமென் என்ற இடத்தின் பின்பகுதி முதலில் வறள்கிறது. பலன் கிடைத்ததா இல்லையா என்பதிலிருந்து கற்க உதவும் ஸ்ட்ரையேட்டத்தின் அடிப்பகுதி ஆரம்ப வருடங்களில் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. தாமிரபரணிக் கால்வாய்களில் கடைமடை காய்ந்து கிடக்க, தலைமடையில் தண்ணீர் நிற்பது போலத்தான். கடைமடைக்கு எட்டட்டும் என்று மடையை முழுக்கத் திறந்தால் தலைமடைப் பயிர் முங்கிப் போகும். மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையும் அப்படித்தான். கை அசைவைச் சீராக்கும் அதே அளவு, வேறொரு வகைக் கற்றலைக் கெடுக்கக்கூடும். முன்பு சரியாக இருந்த விடை திடீரென்று தவறாக மாறும் சோதனைகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். 2004-இல் மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் செய்த சோதனையில், மாத்திரை போட்டிருந்தவர்கள் பாராட்டிலிருந்து நன்றாகக் கற்றார்கள். போடாமல் வந்தவர்கள் தவறிலிருந்து நன்றாகக் கற்றார்கள். ஆக, மாத்திரை நேரம் தெரியாமல் "பார்க்கின்சன் உள்ளவர்களுக்குக் கற்றல் குறைவு" என்று எழுதினால், நோயைப் பற்றி எழுதினோமா மருந்தைப் பற்றி எழுதினோமா என்று நமக்கே தெரியாது.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பூனைக்காலி விதையில் இயல்பாகவே லெவோடோபா உண்டு. சித்த மருத்துவம் ஊன்றியிருக்கும் ஊர் இது. காலையில் மாத்திரை போடவில்லை என்று உண்மையாகவே சொல்பவர், பூனைக்காலிச் சூரணம் சாப்பிட்டு வந்திருக்கலாம். "வேற மருந்து எதுவும் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் பலருக்கு அது நினைவுக்கு வராது, ஏனென்றால் அது அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. பெயர் சொல்லிக் கேளுங்கள். சாப்பாட்டையும் கேளுங்கள், புரதம் அதிகமான உணவு லெவோடோபா உடலில் சேர்வதைத் தடுக்கும்.

அடுத்தது, மெதுவான கையை மெதுவான கற்றல் என்று எண்ணிவிடுவது. திரையில் அட்டை வந்ததும் இரண்டு விநாடிக்குள் பொத்தானை அழுத்தச் சொல்கிறோம். விடை தெரிந்தும் விரல் நகராதவருக்குத் தவறு என்று மதிப்பெண் விழுகிறது. ஸ்கேனுக்கு முன்பே வெறும் பொத்தான் அழுத்தும் வேகத்தை அளந்து, அதற்கேற்ற நேரம் கொடுங்கள். கற்றுக்கொண்டதும் கற்றதைச் செய்து காட்டுவதும் வேறு வேறு. ஒருநாள் மாத்திரை இல்லாமல் கற்கவைத்து, பிறகு மாத்திரையோடு சோதித்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடும். ஆனால் அதே அட்டைகளை இரண்டு நாளும் காட்டினால் இரண்டாம் நாள் பழக்கம் கூடிவிடும். பாதிப்பேருக்கு எந்த நாள் மாத்திரை என்ற வரிசையை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

நடுக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் வரும், விநாடிக்கு 4 முதல் 6 முறை. ஸ்கேனில் சும்மா படுத்திருக்கத்தானே சொல்கிறோம்! ஒரு மில்லிமீட்டர் தலை அசைந்தாலே படத்தில் பொய்ப் புள்ளிகள் தோன்றும். நோயாளிகள் அதிகம் அசைந்து, ஒப்பீட்டுக்கு வந்தவர்கள் அசையாமல் இருந்தால், இரு குழுவுக்கும் நடுவே தெரியும் வித்தியாசம் வெறும் அசைவாக இருக்கலாம். ஒவ்வொருவரின் அசைவு அளவையும் எடுத்துப் பார்க்காமல் முடிவுக்குப் போகாதீர்கள்.

சரி, படத்தில் சிவப்பாகத் தெரிவது என்ன? டோபமைன் இல்லை. மூளை வேலை செய்யும்போதே எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ என்ற ஸ்கேன் காட்டுவது ரத்தத்தில் ஆக்சிஜன் மாறும் விதத்தை, அதுவும் மூளைச் செல் வேலை செய்து நாலைந்து விநாடி கழித்து. காபியும் டீயும்கூட மூளையின் ரத்த ஓட்டத்தை மாற்றும். தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர் வழியில் டீ குடித்திருப்பார், பக்கத்துத் தெருக்காரர் குடித்திருக்க மாட்டார். டோபமைனைப் பார்க்க வேண்டுமென்றால் பெட் ஸ்கேன் போன்ற வேறு முறைகள் உண்டு. குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை: சாதாரண எம்ஆர்ஐ நன்றாக இருக்கிறது என்பதால் பார்க்கின்சன் இல்லை என்று ஆகாது. பெரும்பாலும் அதில் ஒன்றும் தெரியாது.

பிரகாசமாகத் தெரிந்தால் நல்லது, மங்கினால் கெட்டது என்று படிப்பதும் தவறு. 1996-இல் பார்பரா நோல்டன் குழுவினர் மழையா வெயிலா என்று அட்டைகளைப் பார்த்து ஊகிக்கும் சோதனையை வைத்தார்கள். தன்னறியாமல் பழகும் அந்தக் கற்றல் பார்க்கின்சன் உள்ளவர்களுக்குக் கடினமாக இருந்தது. பின்னால் அதே சோதனையை எஃப்எம்ஆர்ஐயில் செய்தபோது, லேசான நோய் உள்ளவர்களுக்கு, ஸ்ட்ரையேட்டத்தின் இன்னொரு பாகமான காடேட் குறைவாகவும், யோசித்து நினைவுகூர உதவும் மூளையின் முன்பக்கப் பகுதி ஒன்று அதிகமாகவும் வேலை செய்தன. அதிகம் தெரிந்த அந்த இடம் கோளாறு இல்லை, மாற்றுப்பாதை. பெரியம்மா பேச்சை நிறுத்திவிட்டுச் சுற்றியதும் இதைப் போன்றதுதான் என்று நினைக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதித்தால் எங்காவது ஒன்று தற்செயலாக ஒளிரும். 2009-இல் செத்த சால்மன் மீனை ஸ்கேனில் வைத்து, இத்தனை புள்ளிகளைச் சோதிப்பதற்கான திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையும் 'வேலை செய்வதை'க் காட்டினார்கள். வயதும் பள்ளிப் படிப்பும் ஒத்தவர்களோடு ஒப்பிடுங்கள். மனச்சோர்வையும் அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஆர்வமற்ற மனம் பரிசுக்காகக் கற்காது. மூளையில் மின்தூண்டல் கருவி வைத்தவரை மருத்துவர் சரிபார்க்காமல் ஸ்கேன் அறைக்குள் விடவே கூடாது.

கடைசியாக, 'ஆஃப்' நிலை என்பது தாளில் எழுத எளிது. வழக்கமாக இரவு முழுக்க, சுமார் 12 மணி நேரம் மாத்திரை இல்லாமல் வரச் சொல்வார்கள். அப்படி வருபவருக்குக் கட்டிலில் புரண்டு எழுவதே பெரும்பாடு. எதை எப்போது நிறுத்தலாம் என்று அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தானாக நிறுத்துவது ஆபத்து. காலையில் முதல் ஆளாக அவரை எடுங்கள். பஸ்ஸில் வரவிடாமல் வண்டி அனுப்புங்கள். வெளியே வரும்போது மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் வாசலிலேயே தயாராக இருக்கட்டும்.