அடி ஈரமாகிப் பரவிய ஆப்பிள் சீஸ் ஸ்கோன்

நாள் கணக்கில் படுத்தியது ஒருவழியாகத் தீர்ந்தது. ஸ்கோன் (கேக்குக்கும் ரொட்டிக்கும் இடைப்பட்ட சிறு பண்டம்) எழும்பாமல் தட்டில் பரவும், அடி சொதசொதக்கும். பேக்கிங் பவுடரைக் கூட்டினால் கசப்புதான் மிச்சம். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் வெண்ணெய் கைபட்டதுமே இளகும். அதை உறையவைத்துத் துருவிச் சேர்த்தேன். பரவல் நின்றது, ஈரம் நிற்கவில்லை.

காரணம் ஆப்பிள். பச்சையாகப் போட்டால் ஓவனில் நீர் விடும். சிறு துண்டுகளாக்கி 180 டிகிரியில் 15 நிமிடம் வாட்டி, முழுக்க ஆறவைத்துப் போட்டதும் அடி மொறுமொறுத்தது. 200 கிராம் மைதாவுக்கு ஒரு ஆப்பிள், 75 கிராம் வெண்ணெய், 60 கிராம் செடார் சீஸ், 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், மாவு சேரும் அளவு மட்டும் குளிர்ந்த பால். வெட்டி, ஃப்ரீசரில் 20 நிமிடம். பிறகு 200 டிகிரியில் 20 நிமிடம்.

ஒரு பக்கம் சாய்ந்தால் ஓரத்தைப் பாருங்கள். மேலே தடவிய முட்டை வழிந்து காய்ந்திருக்கும். அந்தப் பக்கம் எழும்பாது.